செல்லாத கையெழுத்து

‘மனம் வேறு, உடல் வேறு, ஒன்று மற்றொன்றைத் தீண்டாது’ என்று எழுதிய தாளில் சூசன்னாள் கையெழுத்திட வேண்டும். இரண்டும் ஒரே பொருள் என்று அவள் எழுதிய நூலைச் சபை முற்றத்தில் எரித்தாகிவிட்டது. மறுத்தால் ஊரில் ஒருவரும் அவளுக்குத் தண்ணீர்கூடத் தரக்கூடாது.

பெயரை எழுதி முடிப்பதற்குள் சபைத் தலைவர் தாளைப் பிடுங்கினார்.

“கை நடுங்குது. மனசு ஒப்பலைன்னு அர்த்தம். நடுங்கின கையெழுத்து நம்ம சபையில செல்லாது. நிதானமா இன்னொரு தடவை போடும்மா.”

சூசன்னாள் பேனாவைக் கீழே வைத்தாள்.

“என் மனசு ஒப்பலைன்னு கையைப் பார்த்துத்தானே கண்டுபிடிச்சீங்க? அப்புறம் ரெண்டும் எப்படிய்யா வேற வேற?”

தலைவர் எழுந்து வாசலைக் காட்டினார். நீட்டிய அந்த விரல் நடுங்கி ஓயும்வரை அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.