சத்தம் போடாத மணி

குய் ஷான் நுகத்தடி மணியைக் காதருகே வைத்து இன்னொரு முறை குலுக்கினான். ஓசை வரவில்லை. பிரபுவின் தேரோட்டியான பிறகு வாங்க வந்த முதல் சாமானே ஊமையாக இருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

"என்ன லூ அண்ணே, உள்ள கல்லு போட மறந்துட்டீங்களா? தேர் வருதுன்னு ஊருக்கு எப்படித் தெரியும்? நான் கத்திக்கிட்டே வரணுமா?"

வெண்கலம் வார்க்கும் லூ துருத்தியை விட்டு எழவில்லை. "கல்லு வேணாம்னு மாளிகை உத்தரவுப்பா."

குய் ஷான் கடிவாளத்தை எடுத்துப் பார்த்தான். வார்ப்பின் பிசிறைக்கூட அராவாமல் அப்படியே விட்டிருந்தார்கள். விரலை வைத்ததும் கீறியது.

"இதை மாட்டினா குதிரை வாய் என்னத்துக்கு ஆகும்?"

"அது ஒண்ணும் சொல்லாது," என்றான் லூ.

அந்தத் தேர்த்தட்டில் ஏற குய் ஷான் படாத பாடு பட்டிருந்தான். காரியஸ்தர் வேய் வீட்டுக்கு வாத்துகளாக அனுப்பினான். அவர் மனைவியின் சமையலைப் புகழ்ந்தான். அதோடு நிற்காமல் சாப்பிடவும் செய்தான். பழைய தேரோட்டி மெங்கைப் பற்றிப் பிரபுவின் காதில் ஓயாமல் ஓதினான். கடைசியில் மெங் சண்டைக்கு வராமல் சவுக்கை நீட்டி, "நீயே வச்சுக்கப்பா, நல்லாயிரு" என்று போய்விட்டதில் அவனுக்குச் சற்று ஏமாற்றம்கூட.

பிரபு படுத்த படுக்கைதான். தினைக் கஞ்சிகூட இறங்குவதில்லை. ஆனாலும் நான்கு குதிரைக்கும் புது வெண்கலம் கேட்டிருக்கிறாரே, எழுந்து சோவ் அரசரைப் பார்க்கப் போகத்தான் என்று குய் ஷான் முடிவு கட்டிவிட்டான். மாமனார் வீட்டுக்கு ஆளனுப்பிப் பீற்றியும் ஆயிற்று.

அப்போது வேய் இரண்டு ஈட்டிக்காரர்களோடு உள்ளே வந்தார். தேரோட்டிக்கு இவ்வளவு மரியாதையா என்று குய் ஷான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"ஐயா, இந்தக் கூத்தைப் பாருங்க! மணி ஊமை, கடிவாளம் ரம்பம்!"

"மண்ணுக்குள்ள போற சாமானுக்கு அரம் எதுக்குப்பா?" என்றார் வேய். "விடியற வரைக்கும் தாங்கினாப் பெரிசுன்னு வைத்தியர் கைய விரிச்சுட்டாரு. தேரும் குதிரையும் பிரபுவோட குழிக்குள்ள போகுது."

"வடக்கு மாளிகைப் பிரபு போனப்ப சமையக்காரனையும்ல கூட அனுப்பினாங்க," என்றான் லூ. "அவன் கைச்சோறு இல்லாம அவருக்கு இறங்காதாம்."

குய் ஷானுக்குக் குதிரைகளை நினைத்துத் துக்கமாக இருந்தது. அந்தத் துக்கம் ஒரு மூச்சு நேரம் நீடித்தது. பிறகு பதவி ஞாபகம் வந்துவிட்டது.

"அப்போ அடுத்த பிரபுவா வரப்போற சின்னவருக்குத் தேர் ஓட்டப்போறது யாரு? நான்தானே?"

"மெங்."

"மெங்கா! அந்தத் தூங்குமூஞ்சியா?" குய் ஷானுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "என் அருமை உங்களுக்கு எங்க தெரியும்? பெரியவரைப் போய்க் கேளுங்க. எங்க போனாலும் குய் ஷான் ஓட்டாத தேர்ல கால் வைக்க மாட்டேன்னு ஊரறியச் சொன்ன மனுஷன் அவரு!"

வேய் ஈட்டிக்காரர்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

"இன்னிக்குக் காலையிலயும் அதையேதான் சொன்னாரு."