கறந்த சூடு

"பிசிறு வெட்ட உக்கார வெச்சே எங்கம்மா முதுகை முறிச்சுப் போட்டாளே இவ!"

மருதாளின் குரல் ஆஸ்பத்திரி வார்டு முழுக்கக் கேட்டது. எல்லோரும் நிர்மலாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நிர்மலா பனியன் கட்டுகளை வீட்டுக்கு வாங்கி வந்து நூல் பிசிறு வெட்டிக் கொடுப்பவள். மாமியார் வேலாத்தாளும் கூட உட்கார்ந்து வெட்டுவாள். அதுதான் குற்றம்.

"நான் மங்கலத்துல இருந்து வாரம் தவறாம வந்து எங்கம்மாளைப் பாக்கறேன். இவ கூடவே இருந்துட்டு, காலு மரத்துப் போனதுக்கப்பறம் ஒத்த ரூவா போன்ல கூப்பிடறா!"

"அக்கா, மெதுவா..." என்றான் சரவணக்குமார். ஆனால் முறைத்தது மனைவியை.

நிர்மலா மாமியாரின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் ஸ்கேன் படத்தோடு வந்தார்.

"எலும்பு டிபின்னு குடுத்த மாத்திரை கேக்கலை. முதுகெலும்புல சீழ் வெச்சிருக்கு. இது வேற கிருமியோன்னு சந்தேகமா இருக்கு. அபூர்வமா வர்றது. மாட்டுக்கிட்ட இருந்து, காய்ச்சாத பால் வழியா வரும். டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருந்தா, அப்பறம் இவங்க எந்திரிச்சு நடக்கறதே சந்தேகம். பச்சைப்பால் குடிச்சீங்களாம்மா? ஆமான்னா இன்னைக்கே மருந்தை மாத்தறேன்."

வேலாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இல்லீங்க சாமி. பாக்கெட் பாலுதானுங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கால் போயிரும்."

"இல்லீங்க."

டாக்டர் மகளைப் பார்த்தார்.

"எனக்கென்னங்க தெரியும்? கூட இருக்கறவளைக் கேளுங்க" என்றாள் மருதாள்.

நிர்மலா எழுந்தாள்.

"குடிச்சாங்க டாக்டர். கறந்த சூட்டோட குடிச்சா முதுகுக்குப் பலம்னு... நாந்தானுங்க வாங்கிக் குடுத்தேன்."

சரவணக்குமார் கையை ஓங்கிவிட்டான். டாக்டர் குறுக்கே வந்தார்.

"அதை அப்பறம் பேசிக்கங்க. முதல்ல போய் இந்த மருந்தை வாங்கிட்டு வாங்க!"

மருந்து மாறியது. டெஸ்ட் ரிசல்ட்டும் அதே கிருமியைத்தான் சொன்னது. கொஞ்ச நாளில், வேலாத்தாளின் கால் கட்டைவிரல் லேசாக அசைந்தது. சரவணக்குமார் மட்டும் இன்னும் மனைவியிடம் பேசவில்லை.

ஊருக்குக் கிளம்பிய மருதாள், வீட்டுக் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நிர்மலாவிடம் வந்தாள்.

"இனியாச்சும் எங்கம்மாளுக்குக் குடுக்கறதைப் பாத்துக் குடு."

"செரிங்க நங்கையா. உங்க மாட்டையும் ஒருக்கா மாட்டு டாக்டர்கிட்டக் காட்டீருங்க."

"எம் மாட்டையா? அதை எதுக்கு?"

கழுவிய தூக்குப்போசியை முந்தானையில் துடைத்து நீட்டினாள் நிர்மலா.

"வாரா வாரம் நீங்க பால் கொண்டாந்ததுங்க. அத்தை கட்டிலுக்கடியில ஒளிச்சு வெச்சிருந்தாங்க. உங்க தம்பி கண்ணுல படறதுக்குள்ள எடுத்துட்டுப் போயிருங்க."