கீறிய பூனை யாருடையது

மருத்துவமனையில் விலங்குகள் கடித்த, கீறிய காயங்களைக் குறியீட்டு எண் போட்டுப் பதிவது மதிவதனியின் வேலை. காயத்தை ஸ்கேன் செய்தால் எந்த விலங்கு, யாருடையது என்று திரை சொல்லிவிடும். அன்று அவள் கணவன் கதிரேசனே கைக் கீறலோடு வந்தான்.

"தெருப் பூனைம்மா. பஸ் ஸ்டாப்புல கீறிடுச்சு."

திரை வேறு விதமாகச் சொன்னது: தடுப்பூசி போட்ட வீட்டுப் பூனை. மடியிலிருந்து இறக்கியபோது கீறியிருக்கிறது. வளர்ப்பவர் இளவேனில். கதிரேசன் முன்பு கட்டிக்கொள்ள இருந்தவள்.

மதிவதனி அந்தப் பெயரையே பார்த்தாள். எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தால் பூனை மடியேறும்!

"தெருப் பூனைன்னா அஞ்சு ஊசிங்க. தடுப்பூசி போட்ட வீட்டுப் பூனைன்னா ஒண்ணும் வேணாம். எதுன்னு பதியட்டும்?"

கதிரேசன் அவளைப் பார்த்தான். பிறகு ஊசிக்காகச் சட்டைக் கையை மடித்துவிட்டான்.

ஐந்து ஊசியைத் தாங்கியாவது அந்தப் பெயரை மறைக்கிறானே என்பதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. தெருப் பூனை என்றே பதிந்தாள்.