உள்ளே பார்த்த செருப்பு

போருக்கு முந்தைய ஜப்பானில் நடக்கும் அந்த மர்ம நாவலைப் பற்றி எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரே கூச்சல். கதையில், விருந்தாளிகளின் செருப்புகளை வீட்டார் வாசலைப் பார்த்துத் திருப்பி வைப்பார்கள். சாகப்போகிறவருடையது மட்டும் வீட்டுக்குள் பார்த்துக் கிடக்கும்.

"எனக்குத் தூக்கமே போச்சு!" என்றாள் கோமளவல்லி.

"செருப்பைப் பார்த்து எவனாவது பயப்படுவானா? சுத்தப் பேத்தல்!" என்று மேசையைத் தட்டினார் இருதயராஜ்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தோம். கண்டபடி கழற்றிப்போட்ட எங்கள் செருப்புகளெல்லாம் தெருவைப் பார்த்து வரிசையாக இருந்தன. இருதயராஜின் ஜோடி மட்டும் எங்களைப் பார்த்தது.

"யாருய்யா இப்படி வச்சது?" என்றார் இருதயராஜ்.

நாங்கள் எல்லோருமே உள்ளேதான் இருந்தோம். அவர் காலை நீட்டினார், இழுத்துக்கொண்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு விறுவிறுவென்று நடந்தார்.