பவழமல்லியின் சம்மதம்

கூதிர்காலம் நகரத்தின்மேல் மெல்ல இறங்கியிருந்தது. பனித்துளி தாங்கிய இலைகள் தலைதாழ்த்தி நிற்க, வானும் மண்ணும் ஒருங்கே மௌனம் காத்தன.

விடியற்காலைப் பூங்காவில் அம்மௌனத்தைச் செடிகளே கலைத்தன. கை நீட்டியோரிடமெல்லாம் அவை "வேண்டாம்" என்றன. தோட்டக்கலைத் தன்னார்வ ஆசிரியர் தேர்வுக்கு நிபந்தனை ஒன்றே: செடி மறுக்காமல் ஒரு பூவைப் பெற வேண்டும். இருமுறை தோற்ற கோமளவல்லிக்கு இதுவே கடைசி வாய்ப்பு.

ரோஜாவிடம் கெஞ்சித் தோற்ற, உடன் தேர்வுக்கு வந்த இருதயராஜ், "எனக்கே குடுக்கல, உங்களுக்கா குடுக்கப் போவுது?" எனச் சிரித்தார்.

கோமளவல்லி பவழமல்லி மரத்தடியில் முந்தானையை விரித்து அமர்ந்தாள்.

"என்னக்கா, தூக்கமா?"

"கீழ உதிர்ந்தாலும் சாமிக்கு ஆகுற பூ இது தம்பி. பறிக்கவே வேண்டாம். சும்மா உக்காந்தாப் போதும்."

கதிர் எழுந்தது. பூக்கள் ஒவ்வொன்றாய் முந்தானையில் உதிர்ந்தன. மரம் மறுப்பேதும் சொல்லவில்லை. தேர்வு நடத்திய அம்மையார் புன்னகையோடு சான்றிதழில் கையொப்பமிட்டார்.

முதற்பூவை மரத்தின் வேரடியிலேயே வைத்துக் கோமளவல்லி கைகூப்பினாள்.

"நல்லா இரும்மா" என்றது மரம்.