முந்திக்கொண்ட குரல்

எட்டு மணி நேரம் ஹெட்போன் அழுத்தியதில் காசிலிங்கத்துக்குக் காது மடல் எரிந்தது. முதுகு போகும்வரை தூத்துக்குடிக் கிடங்கில் மூட்டை தூக்கியவன் அவன். இப்போது அதே கிடங்கின் ஐந்து லோடுமேன்கள் பேசுவதை, அவர்கள் சட்டைக் காலரில் தைத்த மைக் வழியே ஒட்டுக்கேட்டு எழுதுவது அவன் வேலை. அவர்களை எச்சரிக்க மட்டும் பொத்தானை அழுத்திப் பேசலாம்; குரல் காலரிலேயே இருக்கும் குட்டி ஸ்பீக்கரில் கேட்கும்.

"ஃபேன் மாட்டலன்னா நாளைக்கு ஒருத்தனும் மூட்டையத் தொடாதிய," என்றார் அந்த ஐவரில் ஒருவரான மேஸ்திரி சூசை.

இதை எழுதினால் ஐந்து பேருக்கும் வேலை போய்விடும். யோசனையில் காசிலிங்கத்தின் விரல் பொத்தானில் ஊன்றிவிட்டது.

கனத்த பெட்டி ஒன்றை நகர்த்த மேஸ்திரி குரல் கொடுத்தார்: "ஏலேலோ!"

"ஐலசா!" பழக்க தோஷத்தில் எல்லாருக்கும் முந்திக் கத்திவிட்டான் காசிலிங்கம்.

காலர்களிலிருந்து வந்த குரலைக் கேட்டு ஐவரும் திகைத்தார்கள். பிறகு வெடித்துச் சிரித்தார்கள்.

"எலே, ஒட்டுக்கேக்குறவன் நம்ம ஆளுலே!"

"நம்ம ஆளுன்னா? முந்திக் கத்துனவன் எல்லாருக்கும் டீ வாங்கணும்லா?" என்றார் சூசை.

"வாங்கித்தாரேன் அண்ணாச்சி."

அன்றைய அறிக்கையில், 'வேலைப் பேச்சு மட்டும்' என்று எழுதினான். மறுநாள் காலை வேலை நின்றது. மாலையில் ஃபேன் சுற்றியது.

காசிலிங்கம் வாங்கித்தர வேண்டிய ஐந்து டீ இன்னும் பாக்கி.