கல்சிங்கத்தின் கர்ஜனை

பக்தியாரி மலையில் ஒரு வீரனின் கல்லறைமேல் கல்சிங்கம் ஒன்று காவல் நின்றது. செதுக்கியவர் சிங்கத்தைக் கண்டதே இல்லை. வாழ்நாளெல்லாம் பார்த்தது ஆடுகளைத்தான். அதனால் முகத்தில் கொஞ்சம் ஆட்டு ஜாடை. வீரனின் அடையாளமாக விலாவில் செதுக்கிய துப்பாக்கி மட்டும் அச்சு அசல்.

அன்று மேய்ச்சல்காரர்கள் ஆட்டுமுடியில் நெய்த கறுப்புக் கூடாரங்களைச் சுருட்டிக் கழுதைமேல் ஏற்றி அடுத்த மலைக்குப் புறப்பட்டார்கள். புல்லில் லயித்திருந்த ஒரு வெள்ளாடு பின்தங்கிவிட்டது.

"என் முடியைப் பத்திரமா எடுத்துட்டுப் போனவங்க என்னை விட்டுட்டாங்களே அண்ணே" என்று சிங்கத்திடம் புலம்பியது.

"யாருக்கு யாருடி அண்ணன்? நான் சிங்கம்."

"முகத்தைப் பார்த்தா நம்ம சொந்தம் மாதிரி இருந்துச்சு."

அப்போது ஓநாய் ஒன்று வந்தது. ஆடு சிங்கத்தின் பின்னால் ஒளிந்தது. செதுக்கிய நாளிலிருந்து சேர்த்துவைத்திருந்த கர்ஜனையைச் சிங்கம் தொண்டைக்குக் கொண்டுவந்தது.

"அடடே, ரெண்டு ஆடு" என்று நாக்கைச் சப்புக்கொட்டிய ஓநாய், சிங்கத்தின் விலாவைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"சிங்கமா இருந்தாக்கூடப் பேசிப் பார்க்கலாம். துப்பாக்கி வச்சிருக்கிற ஆட்டுகிட்ட என்னத்தைப் பேச" என்று ஓட்டம் பிடித்தது.

பாதித் தூரத்தில் அதற்கு ஏதோ சந்தேகம். நின்று திரும்பிப் பார்த்தது.

சிங்கம் கர்ஜனையை விழுங்கிவிட்டு, முடிந்தவரை கம்பீரமாக, "ம்மே" என்றது.